தலைவர் பதவி விலகினால் என்னென்ன ஆகும்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு மீன்பிடித் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று பலரும் நாளிதழ் படிக்க வருகிறார்கள். ஊழல் புகாரிலோ வேறு சர்ச்சையிலோ சிக்கிய ஒரு தலைவர் பதவி விலகினார் என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், ஒரே மாதிரியான சந்தேகங்கள்தாம் எழுகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதிவைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

பதவியை விட்டுட்டாருன்னு டீவில ஓடுது. எந்தப் பதவியை விட்டாருன்னே புரியலையே சார்?

குழப்பம் எல்லாமே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு தலைவரிடம் பொதுவாக மூன்று பதவிகள் இருக்கும். கட்சி கொடுத்த பதவி ஒன்று. அது தலைவர், பொதுச்செயலாளர், மாவட்டச் செயலாளர் என எதுவாகவும் இருக்கலாம். ஆட்சியில் அவர் வகிக்கும் முதலமைச்சர் அல்லது அமைச்சர் பதவி இரண்டாவது. மூன்றாவது, வாக்காளர்களாகிய நாம் கொடுத்த சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் பதவி. ஒன்றை விட்டதாலேயே மற்ற இரண்டும் தாமாகப் போய்விடுவதில்லை.

அண்மைய எடுத்துக்காட்டைப் பாருங்கள். பெண்களையும் சமயங்களையும் இழிவுபடுத்திப் பேசினார் என்ற கடும் எதிர்ப்பு எழுந்ததும், 2025 ஏப்ரல் 11 அன்று தி.மு.க. துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து க. பொன்முடி நீக்கப்பட்டார். அன்று அவர் அமைச்சராகவே இருந்தார். அமைச்சரவையிலிருந்து அவர் விலகியது ஏப்ரல் 27 அன்று. அதன் பிறகும் சட்டமன்ற உறுப்பினராகத் தொடர்ந்தார். ஆகவே செய்தியைக் கேட்டவுடன் ‘எந்த நாற்காலி?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜினாமா லெட்டரை யார்கிட்ட குடுக்கணும்? கட்சித் தலைவர் கையில குடுத்தா செல்லாதா?

கட்சிப் பதவிக்கு மட்டும் செல்லும், அதுவும் அந்தக் கட்சியின் சட்டதிட்டப்படி. அமைச்சரின் விலகலை முதலமைச்சர் ஆளுநருக்குப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். முதலமைச்சர் விலகுவதாக இருந்தால் தம் கடிதத்தை நேராக ஆளுநரிடமே கொடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு அரசமைப்புச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி பேரவைத் தலைவருக்கு, அதாவது சபாநாயகருக்கு, கையொப்பமிட்ட கடிதம் போக வேண்டும்.

பேரவைத் தலைவர் அதை உடனே ஏற்றாக வேண்டும் என்றில்லை. உறுப்பினர்களை மிரட்டிக் கடிதம் வாங்கும் வழக்கம் பரவியதால், 1974-இல் கொண்டுவந்த 33-ஆவது திருத்தத்தில் ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது: விலகல் மனமொப்பியதாகவும் உண்மையானதாகவும் இல்லையென்று பேரவைத் தலைவர் விசாரித்து அறிந்தால், அதை ஏற்கக் கூடாது. கட்சி அலுவலகத்தில் தேதி போடாமல் எழுதி வாங்கிய கடிதம் தானாகவே ஒரு தொகுதியைக் காலியாக்கிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிட்டாங்கன்னு சொல்லி ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா?

ஏற்கப்படும் முன் முடியும். ஏற்கப்பட்ட பின் பெரும்பாலும் முடியாது. 2017 பிப்ரவரி 5 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் விலகல் கடிதம் கொடுத்தார். மறுநாள் ஆளுநர் அதை ஏற்று, மாற்று ஏற்பாடு ஆகும்வரை தொடரச் சொன்னார். 7-ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து எழுந்த அவர், தம்மைக் கட்டாயப்படுத்தித்தான் விலகச் செய்தார்கள் என்றார். அந்தக் குற்றச்சாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. ஆனாலும் பதவி அவரிடம் திரும்பி வரவில்லை. பிப்ரவரி 16 அன்று எடப்பாடி க. பழனிசாமி பதவியேற்றார்.

லெட்டர் குடுத்த அன்னிக்கே வீட்டுக்குப் போயிடுவாரா?

அமைச்சர் என்றால் ஏறக்குறைய அப்படித்தான். அவருடைய துறை வேறொருவருக்குப் போய்விடும். முதலமைச்சர் விலகினால் நாற்காலி காலியாக இருக்க முடியாதென்பதால், புதியவர் வரும்வரை காபந்து முதலமைச்சராக அவரே இருப்பார். பிரிட்டனில் விதிமீறல் விருந்துகள் உள்ளிட்ட தொடர் சர்ச்சைகளுக்குப் பிறகு போரிஸ் ஜான்சன் தம் கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக 2022 ஜூலை 7 அன்று அறிவித்தார். பிரதமராகச் செப்டம்பர் 6 வரை இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை 2023 ஜூனில்தான் விட்டார். முதல் பதிலில் சொன்ன மூன்று நாற்காலிகளையும் அவர் மூன்று வெவ்வேறு காலங்களில் காலி செய்தார்.

தானா விலகிட்டாருன்னா தப்பு பண்ணதை ஒத்துக்கிட்டாருன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்வியில் எங்கள் படிப்பகமே இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பதவி விலகல் சட்டப்படி ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. எந்த நீதிமன்றமும் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் ஆ. ராசா 2010 நவம்பர் 14 அன்று மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 2011 பிப்ரவரியில் கைதானார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஹவாலா வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலான 1996 ஜனவரியில் எல்.கே. அத்வானி மக்களவைப் பதவியை விட்டு விலகினார். 1997-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. மாறாக, பா.ஜ.க.வின் தேசியத் தலைவராக இருந்த பங்காரு லட்சுமணன், பணம் வாங்குவது ரகசியக் கேமராவில் பதிவாகி வெளியானதும் 2001 மார்ச்சில் விலகினார். 2012-இல் அவர் தண்டிக்கப்பட்டார். விலகியவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்றோ குற்றமற்றவர்கள் என்றோ இந்த மூன்றையும் வைத்து யாரும் சொல்ல முடியாது.

அத்வானி விட்டது மக்கள் தந்த பதவியை. கட்சித் தலைவர் பதவியில் அவர் அப்போதும் தொடர்ந்தார். வழக்கமாக நாம் காண்பது இதற்கு நேர்மாறான வரிசை: முதலில் போவது கட்சிப் பொறுப்பு, கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது தொகுதி. தொகுதி என்பது நம் பொருள் என்பதால், இந்த வரிசையைக் கவனிப்பது நமக்கு மிகவும் தேவை என்று கருதுகிறேன்.

தார்மீகப் பொறுப்புன்னு சொல்றாங்களே, அது சட்டத்துல எங்க இருக்கு?

சட்டத்தில் எங்கும் இல்லை. 1956 நவம்பர் 23 அன்று எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்டுச் சென்ற ரயில் அரியலூர் அருகே கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். பாலத்தை ஒட்டிய மண்கரை வெள்ளத்தில் அரித்துப்போனதற்கு அவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. தம் துறையில் நடந்ததற்குத் தாமே பொறுப்பு என்று அவர் எண்ணினார்.

பண விவகாரத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டதை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஃபெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் கிளப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, அமைச்சர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். நம் சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் விலகினார். விசாரணை தொடங்கி அமைச்சர் வெளியேற இரண்டு மாதங்கூட ஆகவில்லை. இன்று ஒரு வழக்கில் குற்றச்சாட்டுப் பதிவாகவே ஆண்டுகள் கழிவதைப் பார்க்கும்போது, அந்த வேகம் எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

ராஜினாமா பண்ணிட்டா கேஸ் ஊத்தி மூடிடுவாங்களா?

மூட முடியாது. வழக்கு ஆள் மீது போடப்படுவது. பதவி போனாலும் வழக்கு நிற்கும். ஜெயலலிதாவின் 1991–96 ஆட்சிக் காலத்தைப் பற்றிய சொத்துக் குவிப்பு வழக்கு, அவர் பதவியில் இருந்தபோதும் இல்லாதபோதும் நடந்து, 2003-இல் உச்ச நீதிமன்றத்தால் கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டு, 2014-இல்தான் தீர்ப்பைக் கண்டது.

இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பதவியில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, பதவியை விட்டுப் போனவர் மீது வழக்குத் தொடரவும் முன் அனுமதி வேண்டும். விசாரணை ஆணையம் அமைத்துவிட்டார்களே என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்படும் ஆணையம் அறிக்கை மட்டுமே தரும், அதனால் யாரையும் தண்டிக்க முடியாது.

அரெஸ்ட் ஆனா தானாவே மந்திரி பதவி போயிடாதாண்ணே?

இன்றைய சட்டப்படி போகாது. தமிழ்நாட்டு அமைச்சர் செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14 அன்று கைது செய்யப்பட்டார்; 2024 பிப்ரவரியில் விலகும்வரை, ஏறத்தாழ எட்டு மாதங்கள், இலாகா இல்லாத அமைச்சராக நீடித்தார். இடையில் ஜூன் 29 அன்று ஆளுநர் அவரை நீக்கி ஆணையிட்டு, அன்றிரவே அந்த ஆணையை நிறுத்திவைத்தார். டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால் 2024 மார்ச்சில் கைதாகிச் சிறையிலிருந்தபடியே முதலமைச்சராகத் தொடர்ந்து, பிணையில் வந்த பிறகு செப்டம்பர் 17 அன்றுதான் விலகினார். ஜார்க்கண்டின் ஹேமந்த் சோரனோ 2024 ஜனவரி 31 அன்று விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கைதானார். சட்டம் மூவருக்கும் ஒன்றே, முடிவெடுத்தவர்கள்தாம் வேறு.

குற்றவழக்கில் சிக்கியவர்களை அமைச்சராக்குவதைத் தாமே தடைசெய்ய முடியாது, அதைப் பிரதமர், முதலமைச்சர்களின் விவேகத்துக்கு விடுகிறோம் என்று மனோஜ் நருலா வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்துக்காகக் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பதவி போகும் என்னும் 130-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் வைக்கப்பட்டுக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. தீர்ப்பு வரும் முன்பே பதவியைப் பறிக்கும் அதிகாரம் எதிர்க்கட்சி முதலமைச்சர்கள் மீது பாயும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சிறைக்குள் கோப்புகளில் கையெழுத்திடும் காட்சியையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ரெண்டு வருஷம் தண்டனை குடுத்தாதான் எம்.எல்.ஏ. பதவி போகுமாமே?

பொதுவான குற்றங்களுக்கு அப்படித்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 8-ஆம் பிரிவுப்படி, இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி இழக்கிறார். விடுதலையான பின்னும் ஆறாண்டுகள் போட்டியிட முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டால் இரண்டாண்டுக் கணக்கே இல்லை. அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறாண்டுத் தடை உண்டு.

முன்பு பதவியில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்து தப்பிக்கலாம் என்று 8(4) என்னும் உட்பிரிவு இடம் தந்தது. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தபோது, ஜெயலலிதா விலகல் கடிதம் எழுதவே தேவையில்லாமல் முதலமைச்சர் பதவியும் ஸ்ரீரங்கம் தொகுதியும் ஒருசேரப் போனது இதனால்தான்.

தண்டனை வாங்கினவரு கட்சித் தலைவரா மட்டும் இருந்துக்கலாமா?

இருக்கலாம், தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மாட்டுத்தீவன வழக்கில் 2013-இல் தண்டிக்கப்பட்டு மக்களவைப் பதவியை இழந்த லாலு பிரசாத், ராஷ்ட்ரிய ஜனதா தளத்தின் தலைவராகவே நீடித்தார். தாம் போட்டியிட முடியாத ஒருவர், யார் போட்டியிடலாம் என்று கையொப்பமிட்டுத் தரலாம் என்னும் நிலை எனக்குப் பெரும் ஓட்டையாகத் தெரிகிறது.

தன் ஆளை உக்கார வச்சிட்டுப் பின்னாலேர்ந்து நடத்தினா யாரு கேக்கறது?

அதைத் தடுக்கவும் சட்டத்தில் வழியில்லை. மேலே சொன்ன லாலு 1997 ஜூலையில் பீகார் முதலமைச்சர் பதவியை விட்டபோது, அவருடைய மனைவி ராப்ரி தேவி முதலமைச்சரானார். சட்டமன்ற உறுப்பினர்களின் பெரும்பான்மை இருந்தால் யாரும் வரலாம். உறுப்பினராகக்கூட இல்லாதவர் வந்து ஆறு மாதத்துக்குள் தேர்தலில் வெல்லலாம்.

அந்த ஆறு மாதச் சலுகை, போட்டியிடவே தகுதியில்லாதவருக்குக் கிடையாது. டான்சி என்னும் அரசு நிறுவனத்தின் நில வழக்கில் தண்டனை பெற்று வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டிருந்தும், 2001 மே மாதத்தில் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. பன்னீர்செல்வம் முதன்முறை முதலமைச்சரானது அப்போதுதான். மேல்முறையீட்டில் விடுதலையாகி, ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று, 2002 மார்ச்சில் ஜெயலலிதா திரும்பினார். முன்னால் அமர்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் கோப்பில் உள்ள கையொப்பம் அவருடையது, சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அப்பீல்ல ஜெயிச்சிட்டா பழைய சீட்டு திரும்பக் கிடைக்குமா?

இடைத்தேர்தல் நடந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. ராகுல் காந்தி 2023 மார்ச்சில் தகுதி இழந்தார். ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வயநாட்டில் அதுவரை இடைத்தேர்தல் நடக்காததால் பதவி திரும்பியது. பொன்முடிக்கும் 2024-இல் திருக்கோவிலூர் இப்படியே திரும்பக் கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலோ 2015 பிப்ரவரியிலேயே இடைத்தேர்தல் முடிந்துவிட்டது. மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தபோது திரும்பிப்போக அவருக்குத் தொகுதி இல்லை. கதை நம் தெருவுக்குள் நுழைவது இங்கேதான்.

அதுக்கு எங்க ஆர்.கே. நகர்ல ஏன் அத்தனை தடவை எலெக்ஷன் வந்துச்சு?

ஜெயலலிதாவுக்காக அப்போதைய உறுப்பினர் பி. வெற்றிவேல் 2015 மே மாதத்தில் விலகினார். ஜூன் 27 அன்று இடைத்தேர்தல் நடந்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயலலிதா வென்றார். 2016 மே மாதப் பொதுத்தேர்தலிலும் இங்கேயே வென்றார். டிசம்பர் 5 அன்று அவர் மறைந்ததால் 2017 ஏப்ரல் 12-க்கு இடைத்தேர்தல் குறிக்கப்பட்டது. பணப் பட்டுவாடா பெருகியதால் வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. கடைசியில் டிசம்பர் 21 அன்று வாக்களித்தோம். சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் வென்றார்.

காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து ஆணையம் சான்றளித்தாலோ விலக்கு உண்டு. கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் சட்டமன்றத்தில் குரலே இல்லாமல் ஓராண்டுக்கும் மேல் இருந்தன. பக்கத்துப் பெரம்பூரின் கதை இன்னும் மோசம்: 2017 செப்டம்பரில் தகுதி நீக்கப்பட்ட 18 உறுப்பினர்களில் அந்தத் தொகுதியின் உறுப்பினரும் ஒருவர், அவரும் அதே வெற்றிவேல்தான். பெரம்பூரில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது 2019 ஏப்ரல் 18 அன்று. எங்கள் வாக்குகளுக்குப் பணம் விலை பேசியதைப் பற்றி நகரம் முழுவதும் பேசினார்கள். குப்பையும் எண்ணெய்க் கழிவும் சூழ்ந்த இரண்டு தொகுதிகளுக்காகச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். இந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எம்.எல்.ஏ. சீட்டு காலியா கெடந்தா எங்க வேலைக்கு யார்கிட்ட போறது?

சாலை, குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால் போன்றவற்றுக்கு மாமன்ற உறுப்பினரும் மண்டல அலுவலகமும் இருக்கின்றன. வடக்கே திருவொற்றியூர் முதலாவது மண்டலம், தண்டையார்பேட்டை நான்காவது, இராயபுரம் ஐந்தாவது. வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனுக் கொடுக்கலாம். சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயமாக இருந்தால், பக்கத்துத் தொகுதி உறுப்பினரும் கேள்வி கேட்கலாம். அவர் எல்லைக்குள் மட்டுமே பேச வேண்டும் என்று விதி இல்லை.

வெளிய போனவரு ரெண்டே மாசத்துல திரும்ப மந்திரியா வந்துட்டா?

பெரும்பாலும் வரலாம். ஆயுத பேர ரகசியப் பதிவுகளால் 2001 மார்ச்சில் விலகிய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பினார். செந்தில் பாலாஜி 2024 செப்டம்பர் 26 அன்று பிணை பெற்று, 29 அன்று மீண்டும் அமைச்சரானார். சாட்சிகள் அஞ்ச மாட்டார்களா என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பதவியா பிணையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்ன பிறகு, 2025 ஏப்ரல் 27 அன்று அவர் மீண்டும் விலகினார். முதல் பதிலில் பொன்முடி விலகியதாகச் சொன்னதும் இதே நாள்தான்.

நாங்க ஓட்டு போட்டவங்க, நாங்களே அவரைத் திரும்பக் கூப்பிட முடியாதா?

சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை நம் நாட்டில் இல்லை. நம் கையில் இருப்பது தேர்தலுக்கு முந்தைய சில நாட்கள். வேட்புமனுவுடன் தரும் 26-ஆம் படிவப் பிரமாண வாக்குமூலத்தில், நிலுவையிலுள்ள குற்றவழக்குகள், தண்டனைகள், சொத்து, கடன் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, வழக்கு விவரங்களை வேட்பாளரும் கட்சியும் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும். மனுத் தாக்கல் முடிந்த மறுநாளே எங்கள் தொகுதி வேட்பாளர்களின் படிவங்களைத் தரவிறக்கி, வழக்குப் பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுகிறோம். எழுதவும் சரிபார்க்கவும் எங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம்.